கொல்லன் உலையும் கவிஞன் உள்ளமும்

பிறமொழி இலக்கியத்தைத் தமிழிலக்கியத்தோடு அருகருகே வைத்து நோக்கும் ஆராய்ச்சி மரபு ஈழத்தின் கீழ்க்கரைக்குப் புதியதன்று. காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த விபுலானந்த அடிகள், ஆங்கில நாடகப் பேராசானைச் 'செகசிற்பியார்' எனத் தமிழாக்கி அழைத்து, அவர்தம் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு இயைத்து 'மதங்கசூளாமணி' என்னும் நூலில் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியில் எவர் பெரியர் என்னும் வழக்கு எழவில்லை. இரு நாட்டுக் கவிஞரும் மனிதவாழ்வை எவ்வெவ்வாறு நோக்கினர் என்பதே அடிகளார்க்கு முதன்மையாயிற்று. அம்முறையைப் பின்பற்றி, ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் வாழ்ந்த சங்கப் புலவரும் உரோமப் புலவரும் இரும்புக் கொல்லனையும் அவன் வடித்த படைக்கலத்தையும் எவ்வாறு பாடினர் என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் குறுக்கே நிற்பதொரு கூற்றை முதற்கண் விலக்குதல் வேண்டும். உரோமப் படைவீரன் ஏந்திய வாள் சேரநாட்டு உருக்கினால் ஆயது என்று தமிழ் மேடைகளிலும் மலர்களிலும் பலகாற் கூறப்படுகின்றது. இதற்குக் காட்டப்படும் சான்று உரோம அறிஞர் பிளினி கி.பி. 77ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலின் 34ஆம் பகுதியாகும். இரும்புவகைகள் எல்லாவற்றுள்ளும் 'சேரர்' இரும்பே முதன்மை பெறுவதென்றும், பார்த்திய இரும்பு அதற்கு அடுத்ததென்றும் அவர் எழுதினார். இலத்தீன் மொழியில் அவ்வினத்தார் பெயர் 'சேரெஸ்' என வழங்கும். ஒலியொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அவரைச் சேரராக்குதல் எளிது. ஆயின், உரோம நூல்களில் அப்பெயர் பட்டு வரும் கீழ்த்திசை நாட்டாரைக் குறித்தே பெரும்பாலும் வழங்கியது. மேலும், அவ்விரும்பு அவர்தம் ஆடைகளோடும் தோல்களோடும் வந்ததென்று பிளினி உடன்கூறுகின்றார். சேரநாட்டுப் பண்டமாயின் மிளகும் முத்தும் அவர் நினைவுக்கு வாராமற் போனது எவ்வாறு?

மற்றுமொரு சான்றும் உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுந்த 'எரித்திரேயக் கடற் பெரிப்புளூஸ்' என்னும் கிரேக்க வணிகநூல், இந்திய இரும்பும் உருக்கும் ஆபிரிக்கக் கரையிலுள்ள அதூலித் துறைக்குச் சென்றனவென்று உரைப்பது உண்மையே. ஆயின், அவை அரியகம் என்னும் மேலையிந்திய நாட்டின் உட்பகுதியினின்று வந்தவையென அந்நூல் தெளிவாகக் கூறுகின்றது. அதே நூலில் முசிறித் துறையின் ஏற்றுமதிப் பட்டியல் தனியே உண்டு. மிளகு, முத்து, யானைத்தந்தம், பட்டு, மணிவகை முதலியன அங்கே எண்ணப்படுகின்றன, இரும்பு இல்லை. உரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒளரேலியசும் கொம்மோடசும் ஒருங்கே ஆண்ட காலத்துச் சுங்கப் பட்டியலொன்றில் 'இந்திய இரும்பு' வரிக்குரிய பண்டமாக இடம்பெற்றது. எனவே, இந்திய இரும்பு உரோமப் பேரரசினுட் புகுந்ததென்பது துணிபு. அதனாற் படைவீரன் வாள் தமிழக உருக்கு என்பது பெறப்படாது. உரோமர்க்கு நோரிக்கத்து இரும்பும் இசுப்பானியத்து இரும்பும் எல்பாத் தீவின் கனிமமும் அண்மையிலேயே கிடைத்தன. அவர்தம் கவிஞர் புகழ்ந்து பாடியனவும் அவையே.

இவ்வாறு கூறுவதாற் கீழ்த்திசைக் கொல்லன் பெருமை குன்றிவிடாது. கொங்குநாட்டுக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்புத்தொழில் நடந்த இடங்கள் வெளிப்பட்டுள்ளன. இலங்கையிலே சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளிற் பருவக்காற்றின் விசையையே துருத்தியாகக் கொண்டு இரும்பு பிரித்த உலைகளைக் கில் யூலெவ் என்னும் தொல்லியலறிஞர் ஆராய்ந்து 1996இல் உலகறியச் செய்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு மெய்யியலறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலிற் சரந்தீபத்து உருக்கு இடம்பெறுகின்றது. உள்ள பெருமை இத்துணை இருப்ப, இல்லாத பெருமையை ஒலியொப்புமையால் இரந்து பெறுதல் வேண்டற்பாலதன்று. அதனினும் வருந்தத்தக்கது, அக்கூற்றின் ஆரவாரத்திற் சங்கச் செய்யுளிலே உண்மையாக நிற்கும் கொல்லன் மறைந்துபோதல்.

அக்கொல்லனைக் காண்பதற்குத் தொழிலின் இயல்பு சிறிது அறியப்படல் வேண்டும். பண்டை உலையில் இரும்புக் கனிமமும் மரக்கரியும் சேர்த்து ஊதப்பட்டன. தூய இரும்பு 1538 பாகை வெப்பத்தில் உருகுவது. உரோமர் உலைகளோ அத்துணை வெப்பத்தை எய்தவில்லை. ஆதலின் இரும்பு நீராய் ஓடாது, கசடு விரவிய கட்டியாகத் திரண்டது. அக்கட்டியைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்துக் கசட்டை நீக்கிய பின்னரே கருவி பிறந்தது. இரும்பிற் கரிச்சத்து ஓரளவு ஏறினால் அஃது உருக்காகும். செந்நிறமாகக் காய்ந்த உருக்கைத் தண்ணீரில் தோய்த்தால் அது வன்மை பெறும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேறொரு முறையும் வழங்கியது. இரும்புத் துண்டுகளையும் மரச்சக்கைகளையும் மண்குகையிலிட்டு வாய்மூடி, உள்ளிருப்பது உருகும் வரை காய்ச்சி உருக்குக் கட்டி எடுப்பதே அது. பலாங்கொடைப் பகுதியில் இரும்புத்தொழிலின் எச்சத்தை நேரிற் கண்ட ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலில் அதனை விரித்தெழுதியுள்ளார்.

காய்ந்த இரும்பு நீரில் தோயும் காட்சி கவிஞர் பலரைக் கவர்ந்தது. ஹோமரின் ஒடிசி ஒன்பதாம் காண்டத்தில், ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணிலே தீயிற் காய்ந்த கழி பாய்கின்றது. கொல்லன் பெருங்கோடரியைத் தண்ணீரில் தோய்க்க அது சீறுவதுபோல அக்கண் சீறிற்று என்கிறார் கவிஞர். இரும்புக்கு வலிமை தருவது அத்தோய்ப்பே எனத் தொழில்நுட்பமும் உடனுரைக்கின்றார். உரோமக் கவிஞர் ஓவிட், 'உருமாற்றங்கள்' ஒன்பதாம் பகுதியில், நச்சாடையால் வெந்து துடிக்கும் ஹெர்க்குலிசின் குருதிக்கு அவ்வுவமையையே எடுத்தாள்கின்றார். இருவர்க்கும் கருத்து ஒலியிலும் உடலின் நோவிலும் நிலைக்கின்றது.

ஐயூர் மூலங்கிழாரின் புறநானூற்று 21ஆம் பாட்டு இக்காட்சியை வேறொரு கோணத்திற் காண்கிறது. உக்கிரப்பெருவழுதி கானப்பேரெயிலைக் கைப்பற்றினான். அதனை இழந்த வேங்கை மார்பன், கரிய கையையுடைய கொல்லன் காய்ச்சிய இரும்பு குடித்துவிட்ட நீரினும் மீட்டற்கரியது தன் அரண் என்று இரங்குகின்றான். சீறும் ஒலியைப் புலவர் கருதவில்லை. ஒலி அடங்கிய பின் எஞ்சும் வெறுமையைக் கருதினார். நீர் ஆவியாகிப் போயிற்று என்பது அறிவியல். இரும்பு அதனைக் குடித்தது என்பது கண்ணின் உண்மை. உவமையின் பிறப்பிடம் அதனினும் நுட்பமானது. வென்றவனைப் பாடுகின்ற பாட்டில், தோற்றவன் உள்ளத்திலே அவ்வுவமை வைக்கப்பட்டது. அதனால் வெற்றியின் பேரளவை இழப்பின் பேரளவால் அளக்கின்றார் புலவர். உலைக்களத்தை நின்று பார்த்த கண்ணும், தோற்றவன் நெஞ்சை அறிந்த உள்ளமும் ஒருங்கே வாய்த்தாலன்றி இஃது இயலாது.

உரோம இலக்கியத்திற் படைக்கல வடிப்பின் பெருங்காட்சி வேர்ஜிலின் ஈனியட் எட்டாம் காண்டத்திலுள்ளது. சிசிலிக்கு அண்மையிலுள்ள தீவொன்றின் அடியில், எரிமலைக் குகைகளில், ஒற்றைக்கண் அரக்கர் இடியேறும் தேரும் சமைக்கின்றனர். தீக்கடவுள் வல்கன் அவற்றை நிறுத்துவித்து, வீரன் ஈனியசுக்குப் படைக்கலம் வடிக்கப் பணிக்கின்றான். துருத்திகள் ஊதுகின்றன, சம்மட்டிகள் முறைமுறையாக எழுந்து விழுகின்றன, பேருலையில் உருக்கு உருகி ஓடுகின்றது. ஓசையும் ஒளியும் நிறைந்த இக்காட்சியின் சொல்லாட்சி வியக்கத்தக்கது. ஆயின், உரோமக் கொல்லன் ஒருவன் இதனைக் கேட்டிருப்பின் நகைத்திருப்பான். அவன் உலையில் உருக்கு அவ்வாறு ஓடுவதில்லை. தெய்வ உலைக்கு மனித உலையின் வரம்பு இல்லை எனக் கவிஞர் சார்பில் விடை கூறலாம். அவ்விடையே வேர்ஜிலின் நோக்கத்தையும் வெளிப்படுத்துகின்றது. அங்கே பிறக்கும் கேடயத்தில், கி.மு. 31இல் நிகழ்ந்த அக்தியம் கடற்போர் ஈறாக உரோமர் வரலாறு பொறிக்கப்பட்டுள்ளது. பேரரசின் ஊழைத் தாங்கும் கேடயத்தை மனிதக் கை வடித்ததாகப் பாடினால் அஃது ஒடியும், துருப்பிடிக்கும், உலைக்கு மீளும் பொருளாகிவிடும். ஆதலின் உலை மலைக்கடியிற் சென்றது, கொல்லன் தெய்வமானான்.

இதற்கு நேர்மாறாக நிற்பது ஒளவையாரின் புறநானூற்று 95ஆம் பாட்டு. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல்மிக்க மனையிலே பொலிகின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடக்கின்றன. புகழ்வதுபோல இகழ்ந்தும் இகழ்வதுபோலப் புகழ்ந்தும் அமைந்த அதன் நயத்தை உரையாசிரியர் பலர் விளக்கியுள்ளனர். அவர் மிகுதியாக விளக்காத ஒன்றுண்டு. அப்பாட்டின் நடுவிடம் அரண்மனையன்று, போர்க்களமுமன்று. படைக்கலம் பழுதுபார்க்கப்படும் குறுகிய கொட்டிலே அது. ஒரு வேந்தனின் வீரத்துக்குச் சான்று கூறக் கொல்லனின் பணிமனையை அழைத்தவர் ஒளவையார். உலக வீரப்பாடல்களுள் இத்தகைய சான்றாளன் அரியன்.

இங்கே ஒரு தடை நிகழலாம். நெடுங்காப்பியத்தைக் குறும்பாட்டோடு ஒப்பிடுதல் முறையாகுமா? கேள்வி தக்கதே. பேராசிரியர் க. கைலாசபதி, தமிழ் வீரநிலைக் கவிதையைப் பற்றி 1968இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வுநூலிற் கிரேக்கம் முதலான மொழிகளின் வீரப்பாடல்களோடு ஒப்பிட்டே சங்கப் பாடல்களை ஆராய்ந்தார். அக்காலச் சூழலும் பாடுவோர் நிலையும் அங்கே கருதப்பட்டன. அந்நெறிப்படி வேர்ஜிலுக்கும் நீதி செய்தல் வேண்டும். அதே எட்டாம் காண்டத்தில், வல்கன் நள்ளிரவு கழிந்து துயிலெழுவதற்கு ஓர் உவமை வருகின்றது. நூல் நூற்றுப் பிழைக்கும் ஏழைப்பெண் ஒருத்தி, சாம்பலைக் கிளறிக் கனலை எழுப்பி, இரவையும் உழைப்போடு சேர்த்து நீட்டித் தன் சிறு குழந்தைகளை வளர்த்தெடுக்கின்றாள். அவள் எழுவதுபோலத் தீக்கடவுள் எழுந்தான். குகையின் பேரோசை அனைத்தினும் உள்ளத்தைத் தொடுவது இவ்வடுப்படிக் கனலே. தாம் மறைத்த மனித உழைப்பை உவமையின் வாயிலாக வேர்ஜிலே மீட்டுக் கொணர்ந்துவிட்டார்.

இதனைக் குறுந்தொகையின் 172ஆம் பாட்டோடு வைத்து நோக்குக. கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய அச்செய்யுளில், மாலைப்பொழுதிலே வௌவால்கள் மரம் நோக்கிப் பறக்கின்றன. தனித்திருக்கும் தலைவி வருந்துகின்றாள். ஏழூர்க்குப் பொதுவான வேலைக்காக ஓரூரில் அமைந்த உலையின் மிதிதுருத்தியைப்போலத் தன் நெஞ்சு எல்லையின்றி வருந்துகின்றது என்கிறாள். உரோமக் கவிஞர் தெய்வக் கொல்லனுக்குப் பெண்ணின் உழைப்பை உவமித்தார். தமிழ்ப் புலவர் பெண்ணின் துயருக்குக் கொல்லனின் துருத்தியை உவமித்தார். இருவரும் எதிரெதிர்த் திசையிற் புறப்பட்டு ஓய்வறியா உழைப்பு என்னும் ஒரே இடத்திற் சந்திக்கின்றனர். வேறுபாடும் உண்டு. ஏழூர்க்கு ஓர் உலை என்னும் செய்தி கற்பனையாகத் தோன்றவில்லை. கொழுவும் அரிவாளும் வேலும் ஒரே கையை நோக்கி வரும் ஊர்வாழ்வின் கணக்கு அது. காதற்பாட்டின் ஒரு சொற்றொடரில் ஒரு தொழிலின் அமைப்பே அடங்கிக் கிடக்கின்றது.

உரோமத்தின் பிற்கால அமைப்பு வேறு. கி.பி. 400ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட அரசப் பதவிப் பட்டியலில் முப்பதுக்கு மேற்பட்ட அரசினர் படைக்கலச் சாலைகள் எண்ணப்பட்டன. அம்புக்குக் கொன்கோர்தியா, வாளுக்கு லூக்கா, வில்லுக்குத் திசினும் என நகருக்கொரு தொழில் வகுக்கப்பட்டது. கி.பி. 398இல் எழுந்த சட்டமொன்று, அச்சாலைகளின் தொழிலாளர் ஓடி ஒளிந்தால் அடையாளங்காணும்பொருட்டு அவர்தம் கையிற் குறி சுடவேண்டும் என விதித்தது. பேரரசின் கேடயத்தைத் தெய்வம் வடித்தது காவியத்தில். அதனை வடித்த மனிதனின் கையில் அரசு சூடிட்டது வரலாற்றில். இவ்விரண்டுக்கும் இடையே நான்கு நூற்றாண்டுகள் உள்ளன. எனினும் ஒன்று மற்றதற்கு உரையாக நிற்கின்றது.

பொன்முடியாரின் புறநானூற்று 312ஆம் பாட்டிற் கொல்லன் நிலை எத்தகையது? மகனைப் பெற்று வளர்த்தல் தாயின் கடன். சான்றோனாக்குதல் தந்தையின் கடன். வேல் வடித்தளித்தல் கொல்லனின் கடன். நன்னடை நல்குதல் வேந்தனின் கடன். களிறெறிந்து மீளுதல் காளையின் கடன். தாய் தந்தையர்க்கு அடுத்து, வேந்தனுக்கு முன்னே, கொல்லன் நிற்கின்றான். அவன் கையிற் சூடில்லை, கடன் உள்ளது. தொகைநூற் புலவருள் மதுரைப் பெருங்கொல்லன், மதுரைக் கொல்லன் வெண்ணாகனார் எனக் கொல்லர் பெயர் தாங்கியோர் காணப்படுதலும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

ஆயினும் திறனாய்வு புகழுரையாக முடிதல் கூடாது. பொன்முடியாரின் வரிசையிற் கொல்லன் பெற்ற இடம் மதிப்புக்குரியதே. அவ்வேல் எதற்கு என்னும் வினா அங்கே எழவில்லை. மகனைப் பெறுதலும் வேல் வடித்தலும் ஒரே போருக்காக ஒழுங்குசெய்யப்பட்ட இரு கடன்களாயின. கொல்லன் கை கரியது என்று பாட்டுக்குப் பாட்டு உரைத்த புலவர், அக்கைக்குரியோன் என்ன எண்ணினான் என்று கேட்டாரல்லர். உரோமர் பக்கத்தில் அவ்வினா எழுந்தது. இரும்பு மனிதவாழ்வின் மிக நல்ல கருவியும் மிகத் தீய கருவியும் ஆகும் என்று பிளினி எழுதினார். உழுவதும் மரம் நடுவதும் இரும்பால். கொலையும் கொள்ளையும் இரும்பால். அம்புக்குச் சிறகு பூட்டி இரும்பைப் பறக்கவிட்டதே மனித அறிவின் பெருங்குற்றம் என்றார். உழவுக்கன்றி வேறெதற்கும் இரும்பை உரோமர் பயன்படுத்தலாகாதென்று போர்சென்னா என்னும் மன்னன் முன்னாளில் உடன்படிக்கை செய்ததையும் அவர் குறித்துவைத்தார்.

வேர்ஜிலும் காவியம் பாடுமுன், கி.மு. 29ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த உழவு நூலாகிய 'ஜோர்ஜிக்ஸ்' முதற்பகுதியில் வேறொரு குரலில் பேசினார். உள்நாட்டுப் போரால் உழவர் நிலத்தை விட்டகன்றனர்; வளைந்த அரிவாள்கள் உலைக்குச் சென்று நேரிய வாள்களாயின. பிறிதொரு காலத்தில் உழவன் ஏர் ஓட்டும்போது துருத்தின்ற ஈட்டிகள் கொழுவில் தட்டுப்படும்; வெற்றுத் தலைச்சீராக்கள் மண்வெட்டியில் மோதி ஒலிக்கும். 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட மண்ணிலே இப்பகுதியைப் படிக்கும் மாணாக்கனுக்கு உரையாசிரியர் துணை வேண்டுவதில்லை. ஈனியட்டின் குகையிற் காணாத உண்மையான உலை ஜோர்ஜிக்ஸில் எரிகின்றது. ஒரே கவிஞர் பேரரசின் சார்பில் நின்று பாடியபோது உலையை மலைக்கடியில் ஒளித்தார். உழவன் பக்கம் நின்று பாடியபோது அதனை ஊர்நடுவே வைத்தார். கவிஞன் நிற்கும் இடமே உலையின் இடத்தையும் தீர்மானிக்கின்றது என்பது இதனாற் போதரும்.

ஆகவே, இவ்விரு இலக்கியங்களும் ஒன்றற்கொன்று கடன்பட வேண்டியன உள. தமிழ்ப் புலவர் கொல்லனை நேரிற் கண்டனர். அவன் கையின் கருமையையும் கொட்டிலின் குறுமையையும் துருத்தியின் ஓயாமையையும் பிழையின்றிப் பாடினர். உரோம அறிஞரும் ஜோர்ஜிக்ஸ் பாடிய வேர்ஜிலும் இரும்பு எவ்வழிச் செல்கின்றது என்னும் அறவினாவை எழுப்பினர். கண்டது ஒரு பக்கமும் கேட்டது மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்க, இரண்டையும் ஒருங்கு வைத்துக் கற்பவனே இரும்பின் முழு வரலாற்றை அறிவான்.

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே வயல்கள் சூழக் கிடக்கும் மாவடிப்பள்ளி போன்ற ஊர்களில் இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. அறுவடை இயந்திரங்கள் வருமுன் அவ்வயல்களிற் கதிர் அறுத்தது கொல்லன் தட்டித் தீட்டிக் கொடுத்த தாக்கத்தியே. இரும்பின் பெயரையே தாங்கிய திருக்குர்ஆன் அத்தியாயமாகிய 'அல் ஹதீது', இரும்பிலே கடும் வலிமையும் மாந்தர்க்குப் பயன்களும் உண்டென இரண்டையும் ஒருங்கே கூறுவதை அவ்வூர்ப் பிள்ளைகள் இளமையிலேயே ஓதியறிவர். அப்பிள்ளைகளுக்குப் புறநானூற்றைக் கற்பிக்கும்போது, உரோமர் வாள் சேரர் உருக்கு என்று மார்தட்டச் சொல்லிக்கொடுத்தல் எளிது. முரிந்த வேல் கிடக்கும் சிறு கொட்டிலுக்குள் அவர்களை அழைத்துச் சென்று, அங்கே அதே கல்லின்மேல் அடுத்துக் கிடக்கும் அரிவாளையும் காட்டுதலே ஆசிரியர் கடன்.